இடமிருந்து நான்காவது

தாத்தா இறந்து ஒரு வருடம் ஆன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, செல்வக்குமார் அச்சடித்து வைத்திருந்த காலண்டரில் இருந்த தாத்தா, எம். புதுப்பட்டி நிறுத்தத்தில் மினிபஸ்ஸை விட்டு இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டினார். மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "தம்பி, சோணைமுத்து வீடு எங்கன இருக்கு?" என்று அவனிடமே கேட்டார்.

செல்வக்குமார் விருதுநகரில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். இறந்தவர்கள் பஸ்ஸில் வருவதற்கு அவனுடைய பாடத்திட்டத்தில் இடமில்லை. அப்படியே வந்தாலும், நாற்பது வருடம் இருந்த வீட்டுக்கு வழி கேட்க மாட்டார்கள் என்று அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது. ஆகவே மிச்சமிருந்தது ஒரே ஒரு விளக்கம்தான். அதை நினைத்ததும் பேயே தேவலை என்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். சோணைமுத்துத் தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. முப்பத்தெட்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். எழுபத்தொன்பதாவது வயதில், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், சொந்தக் கட்டிலில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த வட்டாரத்தில் மருந்து கலந்தவர் ஒருவர் கட்டிலில் இறப்பது சாதாரண விஷயமல்ல. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஆனால் படம் இல்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்து கல்யாணம், ஐந்து ஆல்பம். ஒன்றில் தோள் இருக்கிறது. ஒன்றில் துண்டு பறக்கிறது. ஒன்றில் நாற்காலி மட்டும் இருக்கிறது, அதன் முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கும்போதும் அசைந்துவிட்டதால், அதில் மழைக்கு முந்தைய மேகம் மாதிரி ஏதோ இருந்தது. கூச்சம் என்றார் செல்வக்குமாரின் அப்பா. கர்வம் என்றார் சித்தப்பா அய்யாதுரை. காரணம் யாருக்கும் தெரியாது.

தாத்தாவின் மூத்த மகள் குருவம்மாள். செல்வக்குமாருக்கு அத்தை. முப்பது வருடமாகச் சரவெடி பின்னுகிறவள், அழுது யாரும் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏலே செல்வம், அய்யா முகம் எனக்கு மறந்துக்கிட்டே போகுதுலே. குரல் இருக்கு. நடை இருக்கு. முகத்தை நினைச்சா மூக்குக்கண்ணாடி மட்டும்தான் வருது. இது அய்யா பெட்டிக்குள்ள இருந்துச்சு. எனக்கு எல்லாம் எள்ளு எள்ளாத் தெரியுது. நீ படிச்ச பிள்ளை, பெருசாக்கிக் குடு. தினமும் காலையில ஒரு தடவை பாத்துக்கிட்டேன்னா மறக்காதுல்ல?"

1984-ஆம் வருடத்து ஆயுத பூஜைப் படம். கம்பெனி வாசலில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் 'இடமிருந்து நான்காவது சோணைமுத்து' என்று எழுதியிருந்தது.

ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதோடு வேறு யாராவது நிறுத்தியிருப்பார்கள். செல்வக்குமார் படித்த பிள்ளை என்பதால் நிறுத்தவில்லை. 2008-க்கான நாள்காட்டி, இருநூறு பிரதி, மேல் அட்டையில் தாத்தா படம், கீழே முதலாமாண்டு நினைவஞ்சலி, அதற்குக் கீழே அவனே எழுதிய நான்கு வரிக் கவிதை என்று முடிவெடுத்தான். நினைவு நாளன்று எல்லாச் சொந்தக்காரர்கள் முன்னாலும் அத்தைதான் முதல் கட்டைப் பிரிக்க வேண்டும், அதுவரை யாரும் பார்க்கக் கூடாது. பெரியப்பா மகன் முனியராஜ் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் ஆபரேட்டர். வேலை அவன் தலையில் விழுந்தது.

படத்தை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் போட்டபோது சின்னச் சிக்கல் வந்தது. இடமிருந்து நான்காவது ஆளுக்கு முகமே இல்லை. ஒரு கலங்கலும், கட்டம் போட்ட சட்டையும், ஒரு காதும் இருந்தன. செல்வக்குமார் பத்து நிமிடம் யோசித்தான். முகம் விழாத போட்டோவை இருபத்துமூன்று வருடம் எந்த மனிதனும் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற மாட்டான். ஆகவே எழுதியவர் சொன்ன இடது, படத்தில் நிற்பவர்களின் இடது. அந்தப் பக்கமிருந்து எண்ணினான். நான்காவதாகச் சுருட்டை முடியும் வாய் நிறையச் சிரிப்புமாக ஒருவர் நின்றார். வலப் புருவத்துக்கு மேல் புளியமுத்து அளவில் ஒரு மரு.

"தாத்தாவுக்கு மரு கிடையாதேலே" என்றான் முனியராஜ்.

"வயசானா உதிர்ந்துரும்ணே."

முனியராஜ் பத்தாவதோடு நின்றவன். அறிவியல் தெரிந்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான். "வேணும்னா மருவை அழிச்சிரவா?" என்று மட்டும் கேட்டான். "இருக்கட்டும்ணே, உள்ளபடி இருக்கணும்" என்று செல்வக்குமார் சொல்லிவிட்டான்.

அந்த மருதான் இப்போது மினிபஸ்ஸிலிருந்து இறங்கி அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த முகத்தில் சுருக்கம் விழுந்திருந்தது, முடி கொட்டியிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

"நீங்க…"

"நான் சுடலை. சோணையும் நானும் ஒரே ரூம்ல மருந்து கலந்தவுக. இப்ப ஆலங்குளத்துல மகன் வீட்டுல இருக்கேன். குருவம்மா போன் போட்டு வரச் சொன்னா. நீ சோணை பேரனா?"

"ஆமா தாத்தா."

"அதுக்கு ஏன்லே செத்தவனைக் கண்ட மாதிரி முளிக்கிற?"

செல்வக்குமார் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தான்.

வீட்டு முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் கதவடைத்திருந்த வாரம். சீசனில் வாசலில் நின்று பேசக்கூட நேரமில்லாதவர்கள் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, திருத்தங்கல் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்கியிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்தது. பிள்ளைகள் விற்காமல் மிஞ்சிய மத்தாப்பைப் பட்டப்பகலில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

முனியராஜ் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தான்.

"முனியண்ணே, நம்ம காலண்டர் வந்துருச்சு."

"நேத்தே வந்துருச்சேலே. மூணு கட்டு. உள்ளதான் இருக்கு."

"அது இல்லண்ணே. நடந்து வந்துருச்சு."

முனியராஜ் நிமிர்ந்து பார்த்தான். சுடலை பந்தலுக்குள் வந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். முனியராஜ் இரண்டு வாரம் அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"உதிர்ந்துரும்னியேலே" என்றான்.

கட்டுகளை வெளியே கடத்திவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். உள்ளே போனால், அத்தை மூன்று கட்டுகளையும் நடுவீட்டில் பலகை மேல் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தாள். ஆட்கள் வரிசையாக வந்து பழுப்புத்தாள் கட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் வெளிய எடுத்துட்டுப் போறோம்" என்றான் செல்வக்குமார்.

"எதுக்கு?"

"பூச்சி கீச்சி அரிச்சிருக்கான்னு பாக்கணும்."

"நேத்து வந்த காலண்டரையா?" அத்தை பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் ராத்திரியே பிரிச்சுப் பாத்துருப்பேன்லே. நீ சொன்னியேன்னுதான் அடக்கிக்கிட்டு இருக்கேன். என்னாலயே முடியுது, உனக்கென்ன அவசரம்?"

செல்வக்குமார் அப்போதுதான் கவனித்தான். அத்தை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். யார் கல்யாணத்துக்கும் அவள் அதைக் கட்டியதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கட்டுகளைப் பலகையோடு பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அய்யாதுரைச் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். கம்பெனியில் போர்மேன் என்பதால், மைக் இல்லாமலே நாலு ஷெட்டுக்குக் கேட்கும் குரல். "இப்ப குருவம்மாக்கா காலண்டர் கட்டைப் பிரிப்பாக. அதுக்கு முன்ன அய்யாவைப் பத்தி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்."

'அதுக்கு முன்ன' என்ற சொல்லைச் செல்வக்குமார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவரையும் கிளப்பிவிட்டான். "நீங்க சொல்லுங்க பெரியப்பா." "சுருக்கமா முடிச்சுட்டீகளே மாமா, இன்னும் இருக்குமே."

இருக்கத்தான் செய்தது. தாத்தா எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் கடைசி இலைக்குத்தான் உட்காருவார், வாசலுக்குப் பக்கம் என்பதால், என்றார் பெரியப்பா. சினிமாக் கொட்டகையில் வாசல் கதவில் சாய்ந்து நின்றேதான் படம் பார்த்தார், மூன்று வருடம் அங்கே டிக்கெட் கிழிப்பவர் என்று பலரும் நினைத்து அவரிடம் டிக்கெட்டை நீட்டினார்கள், அவரும் கிழித்துக் கொடுத்தார் என்றார் மாமா ஒருவர். சாம்பிராணி புகையைப் பார்த்தால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வருவார், சாமியும் இரண்டு தடவை நனைந்திருக்கிறது என்றாள் ஒரு சித்தி.

செல்வக்குமாரின் அம்மாவும் எழுந்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எல்லாரும் என் முகத்தைப் பாத்தாக. மாமா மட்டும் வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தாக. கடைசியில எங்க அப்பாகிட்ட, 'பொண்ணு பிடிச்சுருக்கு. ஆனா வீட்டுக்குப் பின்வாசல் இல்லையே'ன்னு கேட்டாக. எங்க அப்பா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து சுவத்தை உடைச்சு வாசல் வச்ச பெறகுதான் தட்டு மாத்துனாக. இவர் எனக்குத் தாலி கட்டுனாரு. மாமா எங்க வீட்டுக்குக் கதவு வச்சாக."

பந்தல் குலுங்கியது. பாட்டி வழிச் சொந்தம் ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, "போதும்யா, கறி ஆறிரும்" என்று சொல்லி, முதல் கட்டின் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மேலே இருந்த காலண்டரை எடுத்தாள். தூரமாக நீட்டிப் பார்த்தாள். கிட்டத்தில் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுடலை கையை நீட்டி அதை வாங்கினார்.

"யாருலே இது, ராசா மாதிரி இருக்கான்?" என்றார். இன்னொரு தடவை பார்த்தார். "ஏய்… இது நான்லா!"

கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "'எங்களை விட்டுப் பிரிந்து…' எப்பப்பா பிரிஞ்சேன்? இப்பத்தானே மினிபஸ்ல வந்தேன்! மறைவு, போன வருசமா? ஒரு வருசமா என் மருமக எனக்கு மூணு வேளையும் சோறு போட்டுக்கிட்டு இருக்காளே, அவகிட்ட யாருமே சொல்லலையா?" கவிதைக்கு வந்தார். நான்கு வரியையும் படித்தார். "இதைப் படிச்சிருந்தா நானே செத்துருப்பேன்."

முதலில் சிரித்தது சமையல்காரர். அப்புறம் பந்தல் மொத்தமும் வெடித்தது. மற்ற இரண்டு கட்டுகளையும் பிரித்து, கைக்கு ஒன்றாக எடுத்து, சுடலையையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் சுடலைக்கு மாலையே போட்டுவிட்டார்.

அத்தை சிரிக்கவில்லை. இன்னொரு பிரதியை எடுத்தாள். அதையும் பார்த்தாள். பின்பக்கம் அய்யா இருக்கலாம் என்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கட்டின் மேல் திரும்ப வைத்தாள்.

செல்வக்குமார் அவள் முன்னால் போய் நின்றான். "நான்தான் அத்தை. முனியண்ணே மேல தப்பில்ல, தாத்தாவுக்கு மரு கிடையாதேன்னு அண்ணன் கேட்டுச்சு. இடமிருந்துன்னு போட்டுருந்ததை நான்தான் வலமிருந்துன்னு எடுத்துக்கிட்டேன்."

"இடம் வலம் தெரியாமலா ரெண்டு வருசமா காலேஜு போற?"

"தெரியும் அத்தை. ரொம்பத் தெரிஞ்சதுனாலதான்."

"அப்ப அய்யா எங்கன?"

அவன் சட்டைப்பையிலிருந்து பழைய படத்தை எடுத்து, இடமிருந்து நான்காவதாக இருந்த கலங்கலைக் காட்டினான். அத்தை ஓவியாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஓவியா அவள் மகள், மதுரையில் நர்ஸ்.

"காது" என்றாள் அத்தை. "காது அய்யா காதுதான். மத்ததெல்லாம் எங்க?"

"ஓடிட்டான்" என்றார் சுடலை. மாலையோடு எழுந்து வந்து அவர்களுக்கு நடுவில் நின்றார். "மருந்து ரூம்ல எங்களுக்குப் பாடம் ஒண்ணுதான். பளிச்சுன்னு எது கண்ணுல பட்டாலும் ஓடு, யோசிக்காத. நானெல்லாம் வெளிய வந்தா அதை மறந்துருவேன். சோணைக்கு மறக்காது. கேமராவுல பல்பு அடிச்சாலும் அவனுக்கு அதேதான். அன்னைக்கு, ஒரு தடவையாச்சும் நில்லுடான்னு நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாரு, இந்தா என் கை. பல்பு அடிச்சதும் 'வெளிய!'ன்னு ஒரு சத்தம் போட்டான். என்னையும் சேத்து இழுத்துட்டுப் பாஞ்சான். படத்துல சிரிச்சுக்கிட்டு இருக்கேன்ல? அடுத்த நிமிசம் கருவேலமுள்ளுக்குள்ள கிடந்தேன்."

"அப்ப முகமே விழாத படத்தை எதுக்கு வச்சிருந்தாரு?" என்றான் செல்வக்குமார். அவனுடைய தர்க்கம் முழுதும் அந்தக் கேள்வியில்தான் நின்றுகொண்டிருந்தது.

"அவன் விழுந்த ஒரே போட்டோ அதுதான்லே. மத்ததுல காதுகூடக் கிடையாது. பின்னால எழுதுனதும் நான்தான். எழுதிக் குடுத்த பெறகுதான் தான் அதுல இருக்குறதை அவனே நம்புனான்."

அத்தை கண்ணாடியைக் கழற்றி ஓவியாவிடம் கொடுத்தாள். "சரி. ஆனது ஆச்சு. இலையைப் போடுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. செல்வக்குமாருக்கு அவள் ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

"சாப்பாடு இருக்கட்டும்மா" என்றாள் ஓவியா. "எல்லாரும் ஒண்ணா இருக்காக. மொதல்ல ஒரு போட்டோ எடுத்துருவோம். புதுக் கேமரா." அம்மாவின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்களை விரட்டி முற்றத்தில் மூன்று வரிசை கட்டினாள். முன்வரிசையில் தரையில் பிள்ளைகள், நடுவரிசையில் நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்கிறவர்கள். நடுவில் அத்தை, அவள் பக்கத்தில் மாலையோடு சுடலை. செல்வக்குமார் பின்வரிசை ஓரத்தில் முடிந்த அளவு சிறியதாக நின்றான்.

"எல்லாரும் இங்கன பாருங்க. மாமா, வயித்தை உள்ள இழுங்க. ஒண்ணு… ரெண்டு…"

பந்தல் நிழலாக இருந்ததால், படம் விழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கேமராவில் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அதே நொடியில் சுடலை, எழுபத்தாறு வயதுத் தொண்டையைத் திறந்து, அச்சு அசலாகச் சோணைமுத்துவின் குரலில், "வெளிய்ய!" என்று ஒரு சத்தம் போட்டார்.

அறுபது பேரும் ஓடினார்கள்.

ஏற்கனவே வெளியில்தான் இருக்கிறோம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நாற்காலிகள் பறந்தன. போர்மேன் அய்யாதுரை கறிச்சட்டியைத் தாண்டினார். செல்வக்குமாரின் அம்மா, மூட்டுவலிக்கு மூன்று வருடமாக மருந்து சாப்பிடுகிறவள், குளியலறைத் தடுப்பை ஒரே தாண்டாகத் தாண்டினாள். அச்சகத்துக்குப் போகும் முன் பட்டாசுக் கம்பெனியில் இருந்த முனியராஜ் மெயின் ரோட்டில் போய்த்தான் நின்றான். ஒருவர்கூடத் தனியாக ஓடவில்லை. ஆளுக்கு ஒரு பிள்ளையையோ, பக்கத்து ஆள் கையையோ பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஓடினார்கள். கம்பெனி வாசலே மிதிக்காத செல்வக்குமார் மட்டும் நின்ற இடத்தில் நின்று, "என்னாச்சு?" என்று கேட்டான். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

அந்தச் சத்தத்துக்கு எத்தனையோ வருடம் இப்படி ஓடித் தப்பியவர்களும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தான் அங்கே அறுபது பேராக ஆகியிருந்தார்கள் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சுடலை கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். போனவர்கள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். அத்தை சேலையில் ஒட்டிய நாயுருவி முள்ளை உருவிக்கொண்டே வந்தாள். "சித்தப்பா! உங்களை நெசமாவே காலண்டர்ல போட வச்சிருவேன் பாத்துக்கோங்க!"

"போட்டாச்சே தாயி!"

அதற்கு அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மற்றவர்கள் அடக்கி வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள்.

ஓவியா கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக நகர்த்திக் காட்டினாள். அய்யாதுரை கோழி மாதிரிப் பறந்துகொண்டிருந்தார். ஒரு மாமா தவறுதலாக அடுத்தவர் மனைவியை இழுத்துக்கொண்டு ஓடியது தெரியவந்து, அது தனியாகப் பத்து நிமிடம் போனது. அப்புறம் அத்தையின் முகம் வந்தது. உடம்பு ஒரு பக்கம் பாய, தலை திரும்பி, கீழுதட்டைப் பல்லால் கடித்து, இடப் புருவம் நெற்றியில் பாதிவரை ஏறியிருந்தது.

சுடலை கேமராவை வாங்கினார். சிரிப்பை நிறுத்தினார். "ஏ குருவம்மா, இங்க வா. இந்தா இருக்கான் சோணை."

அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் விரல் தன் இடப் புருவத்துக்குப் போய், அதைத் தடவிப் பார்த்தது.

"ஆமா" என்றாள். "ஆமா சித்தப்பா. இந்த உதடு. இப்படித்தான் கடிச்சுக்கிடுவாக. கன்னத்துல இந்தக் குழி… எல்லாம் வருது சித்தப்பா. கண்ணாடி இல்லாம வருது." பிறகு, யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோல, "என்கிட்டயா வச்சுட்டுப் போனாக? நான் எங்கெங்கயோ தேடுறேன்" என்றாள்.

இப்போது அழுவாள் என்று சித்திகள் எல்லாம் முந்தானையைத் தயாராக எடுத்தார்கள். அத்தை ஆர்டர் போட்டாள். "முனியா! வண்டியை எடு. இந்தப் படத்தை இருநூறு அடிச்சுக் கொண்டா. சுடலைச் சித்தப்பா மேல ஒட்டிருவோம்."

"உங்க முகத்தை மட்டுமா அத்தை?" என்றான் செல்வக்குமார். "கீழ அஞ்சலின்னு இருக்கு. அப்புறம் நீங்க செத்த மாதிரி ஆயிரும்."

"ஒரு குடும்பத்துல எம்புட்டுப் பேரைலே சாகடிப்ப? முழுப் படத்தையும் போடச் சொல்லு. எல்லாரும் இருக்கட்டும்."

காலண்டர் சீசனில் அச்சகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முனியராஜ் கேமராவின் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். கறிச்சோறு இரண்டு பந்தி முடிவதற்குள் இருநூறு படங்களை வெட்டி அடுக்கிக் கொண்டுவந்துவிட்டான்.

லேபிள் ஒட்டுவது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வேலையில்லை. மைதாப் பசை காய்ச்சி இறக்கும்போதே இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பசை தடவ, ஒருவர் வைக்க, ஒருவர் துணியால் நீவ, காலண்டர்கள் கைமாறிக் கைமாறி ஓடின. லீவு விட்ட மூன்றாம் நாளே இப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீடு மாதிரி இருந்தது. அய்யாதுரை பழக்கத்தில், "லோடு வண்டி வந்துருச்சு, கை ஓடட்டும்!" என்று குரல் கொடுத்தார். "சம்பளம் யாரு குடுப்பா?" என்று ஒரு சித்தி கேட்க, "அய்யாகிட்டப் போய் வாங்கிக்கோ" என்றார் பெரியப்பா.

சுடலை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் முகத்தில் பசை விழுவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாத்தா, கண்ணுல போகுது." "அந்தா, அவ மூக்கை விட்டுட்டா பாரு, மூக்கை மூடு." "மருவுக்கு மேல ரெண்டு தடவை தடவுங்கடி, துருத்திக்கிட்டு நிக்கும்."

செல்வக்குமார் ஒட்டிய நான்கையும் அத்தை திருப்பித் தந்தாள். நான்கிலும் படம் கோணி, குடும்பம் சரிவில் உருண்டுகொண்டிருந்தது. "நீ எடுத்து மட்டும் குடு" என்றாள்.

ஐந்தரை மணி மினிபஸ்ஸில் சுடலை கிளம்பினார். தன் முகம் உள்ள ஒரு பிரதியை ஒட்டவிடாமல் காப்பாற்றி, மஞ்சப்பைக்கு வெளியே தெரிகிற மாதிரி பிடித்திருந்தார். படியில் நின்ற கண்டக்டரிடம் அதைக் காட்டி, "செத்தவனுக்கு டிக்கெட் உண்டாய்யா?" என்று கேட்டார். கண்டக்டர் காலண்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உக்காருங்க தாத்தா. வளியில உசுரு வந்தா எடுத்துக்கிடலாம்" என்று விசில் அடித்தார்.

செல்வக்குமார் வீட்டுக்குள் திரும்பி வந்தபோது, அத்தை நடுவீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தன் காலண்டரை மாட்டி முடித்திருந்தாள். மகளின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒட்டும் அளவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் படத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. பறந்துகொண்டிருந்த ஒவ்வொருவரையும் தொட்டு, பின்வரிசை ஓரத்தில் வந்து நின்றது. அங்கே ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நேராக நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாரும் எம்புட்டு அழகா ஓடுறாக" என்றாள் அத்தை. "நீ ஏன்லே மரம் மாதிரி நிக்கிற? அய்யா பாத்தா என்ன நினைப்பாக?"

"தெரியாமப் போச்சு அத்தை."

"அடுத்த வருசம் ஒளுங்கா ஓடு" என்று சொல்லிவிட்டு, பசைச் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.